யோவான், அருளப்பர், யஹ்யா: ஓர் எபிரேயப் பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் தேம்பாவணி படித்தவர்களுக்குக் கருணையனைத் தெரிந்திருக்கும். தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்துவிட்டுக் கதறுகிற பிள்ளை. பழைய கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் இதே ஆளை ஸ்நாபக அருளப்பர் என்பார்கள். சீர்திருத்த சபைக்காரர்களின் வேதாகமத்தில் அவர் யோவான்ஸ்நானன். 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பில் திருமுழுக்கு யோவான். முஸ்லிம் வீடுகளில் யஹ்யா நபி. ஆங்கிலத்தில் ஜான்.

ஆள் ஒருவர்தான், இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர். பெயரும் ஒன்றுதான். ஒரு மொழியில் பிறந்த பெயர் இன்னொரு மொழிக்குப் போக இரண்டு வழி உண்டு: ஒலியைத் தூக்கிக்கொண்டு போகலாம், அல்லது பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். உலகத்தின் பெரும்பாலான மொழிகள் இந்தப் பெயரை ஒலியாகவே வாங்கிக்கொண்டன. தமிழ் இரண்டு வழியிலும் வாங்கியது. அதனால்தான் நம்மிடம் யோவானும் இருக்கிறார், அருளப்பரும் இருக்கிறார்.

மூலப் பெயர் யோஹானான். இன்னும் பழைய, முழு வடிவம் யெஹோஹானான்.

பெயருக்குள் ஒரு வாக்கியம்

எபிரேயப் பெயர்களில் பல, பெயர்ச்சொல்லே அல்ல. எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியங்கள். யோஹானான் அப்படிப்பட்டது.

முன்பாதி 'யோ' அல்லது 'யெஹோ'. இஸ்ரவேலரின் கடவுளுக்கு உரிய நான்கெழுத்துப் பெயரின் சுருக்கம் இது. அந்தப் பெயரை யாவே என்றும், பழைய தமிழ் வேதாகமத்தில் சில இடங்களில் யேகோவா என்றும் காண்கிறோம். பின்பாதி 'ஹானான்'. இது வினைமுற்று: படர்க்கை, ஆண்பால், ஒருமை, நடந்து முடிந்த செயல். சேர்த்துப் படித்தால் 'யாவே அருள்புரிந்தார்'.

பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் இதை 'அருள்' என்று ஒற்றைச் சொல்லாக்கிவிடுகிறார்கள். பெரிய தவறில்லை, ஆனாலும் பாதிப் பொருள் போய்விடுகிறது. அருளியவர் யார் என்பதும், அருளிவிட்டார் என்பதும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. பிள்ளை பிறந்த வீட்டில் நின்று சொல்லிப் பார்த்தால் அந்த இறந்தகாலத்தின் எடை புரியும். 'அருள்வாராக' என்ற வேண்டுதல் இல்லை இது. கேட்டது கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு.

ஹானான் என்ற வினைக்கு வேர் மூன்று மெய்கள்: ஹேத், நூன், நூன். எபிரேயத்தில் பெரும்பாலான சொற்கள் இப்படி மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. இடையில் உயிரொலியை மாற்ற மாற்றச் சொல் மாறும். இந்த வேரின் அடிப்படைப் பொருள், மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு மனமிரங்குவது. கேட்க உரிமை இல்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு. 'உம்முடைய கண்களில் எனக்குத் தயவு கிடைத்தது' என்று தமிழ் வேதாகமத்தில் அடிக்கடி வருமே, அந்தத் 'தயவு' எபிரேயத்தில் 'ஹேன்', இதே வேர். இன்றைய இஸ்ரேலில் கடைப் பலகையில் 'ஹினாம்' என்று எழுதியிருந்தால் இலவசம் என்று பொருள். அதுவும் இந்த வேர்தான். குடியரசுத் தலைவர் கைதிக்கு வழங்கும் பொதுமன்னிப்பு 'ஹனினா'. உழைத்து வாங்காதது, கொடுப்பவர் மனம் வைத்தால் மட்டுமே கிடைப்பது என்ற கருத்து மூன்றிலும் நிற்கிறது.

வேர் பிடிபட்டுவிட்டால் உறவினர் எல்லாம் வரிசையாகத் தெரிவார்கள். அன்னாள் எபிரேயத்தில் ஹன்னா, 'அருள்'. அனனியா என்பது ஹனன்யா. யோஹானானின் இரண்டு பாதியையும் இடம் மாற்றிப் போட்டால் கிடைப்பது. பொருளில் மாற்றம் இல்லை. எல்ஹானான் என்றால் 'கடவுள் அருள்புரிந்தார்'. 'யோ' இருந்த இடத்தில் 'ஏல்'. இந்த வேர் எபிரேயத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. பக்கத்து வீட்டு மொழியான பினீசியத்திலும் உண்டு. யானைப் படையோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ரோமாபுரியை நடுங்க வைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பெயருக்குப் பொருள் 'பாகால் அருளினார்'. வேதாகமத்தில் யாவேக்கு எதிராளியாக நிறுத்தப்படும் அதே பாகால். கடவுள் மாறினார், வினைச்சொல் மாறவில்லை.

உறவு போலத் தெரிந்து ஏமாற்றுபவை

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் யோனத்தான். 'யோவான் என்றால் கடவுளின் கொடை' என்று இணையத்தில் பல இடங்களில் பார்க்கலாம். அது யோனத்தானின் பொருள்: யோ, நாத்தான், 'யாவே கொடுத்தார்'. ஆங்கிலத்தில் ஜொனாத்தனைச் சுருக்கி ஜான் என்று கூப்பிடுவதால் வந்த குழப்பம். ஜொனாத்தனின் சுருக்கத்தில் ஆங்கில எச் எழுத்து இருக்காது, யோவானிலிருந்து வந்த ஜானில் இருக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், மூல எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது.

யோ என்று தொடங்கும் எல்லாப் பெயரிலும் கடவுள் இருப்பார் என்று நம்புவதும் தப்பு. யோசுவா, யோராம், யோவேல், யோசபாத் இவற்றில் இருக்கிறார். யோனா என்றால் வெறும் புறா. யோபு வேறு சொல். யோர்தான் ஆறு, கீழே இறங்குதல் என்ற வினையோடு சேர்ந்தது. பெயரின் கடைசியில் வரும் 'யா' இதைவிட நம்பகமானது: ஏசாயா, எரேமியா, சகரியா எல்லாமே கடவுள் பெயரில் முடிகிற வாக்கியங்கள். சகரியா என்றால் 'யாவே நினைவுகூர்ந்தார்'. யோவான்ஸ்நானனின் அப்பா பெயர் அது. அப்பாவின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்: நினைவுகூர்ந்தார், அருள்புரிந்தார்.

ஒரே வேதாகமத்தில் இரண்டு எழுத்து

பழைய ஏற்பாட்டில் கரேயாவின் குமாரன் யோகனான் வருகிறார்; எருசலேம் விழுந்தபின் மிஞ்சிய படைத்தலைவர்களில் ஒருவர். யோசியா ராஜாவின் மூத்த மகனும் யோகனான். புதிய ஏற்பாட்டைத் திறந்தால் யோகனானைக் காணோம், யோவான் இருக்கிறார். இரண்டும் ஒரே பெயர் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது. காரணம் எளிது. பழைய ஏற்பாடு எபிரேயத்திலிருந்து வந்தது, புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து வந்தது.

கிரேக்கர் வாயில் இந்தப் பெயர் நுழைந்தபோது இரண்டு மாற்றம் நடந்தது. தொண்டைக்குள்ளிருந்து வரும் அந்த ஹேத் ஒலி கிரேக்கத்தில் இல்லை; சொல்லின் நடுவில் அது விழுந்துவிட்டது. ஆண் பெயர் வேற்றுமை உருபு ஏற்க வேண்டுமானால் கடைசியில் ஒரு சகர ஒலி வேண்டும். அதை ஒட்ட வைத்தார்கள். வந்தது இயோஆன்னேஸ்.

அதைத் தமிழில் எழுதும்போது ஓவும் ஆவும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் இலக்கணம் இரண்டு உயிரை அப்படி நிற்க விடாது. கோ, இல் சேர்ந்தால் கோவில் ஆவதுபோல யோ, ஆன் நடுவே வகர உடம்படுமெய் புகுந்தால் யோவான். இந்த வகரம் எபிரேயத்திலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. யோகனானோ மூல ஒலிக்கு நெருங்கியது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரத்தை நாம் மென்மையாக, ஏறக்குறைய ஹகரம் போலத்தானே உச்சரிக்கிறோம்? அதனால் யோகனான் என்று சாதாரணமாகப் படித்தாலே எபிரேயர் சொன்னதற்குக் கிட்டப் போய்விடுகிறோம்.

நாட்டில் எல்லோருக்கும் இருந்த பெயர்

இயேசு பிறந்த காலத்தையொட்டிய யூதேயாவில் இது மிகச் சாதாரணமான பெயர். எலும்புப் பெட்டிகள், பத்திரங்கள், வரலாற்று நூல்கள் இவற்றில் கிடைக்கும் ஆண் பெயர்களை எண்ணிய அறிஞர்கள் சீமோன், யோசேப்பு, எலெயாசர், யூதா ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் யோகனானை வைக்கிறார்கள். ஏன் இந்தப் பெயர்கள்? கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய மத்தத்தியாவின் ஐந்து மகன்களின் பெயர்களைப் பாருங்கள்: யோவான், சீமோன், யூதா, எலெயாசர், யோனத்தான். மக்கபேயர் என்று அறியப்படும் குடும்பம். விடுதலை வீரர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதா என்ன? சுபாஷ் என்ற பெயர் தமிழ்நாட்டில் பரவியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அந்தக் குடும்பத்து வாரிசான யோவான் ஹிர்கானு, கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டவர். அவர் அடித்த சின்னஞ்சிறு வெண்கலக் காசுகளில் 'யெஹோஹானான் தலைமைக் குரு, யூதர் அவை' என்று பழைய எபிரேய எழுத்தில் பொறித்திருக்கிறது. பெயரின் முழு நீளத்தையும் காசில் அப்படியே பார்க்கலாம்.

இன்னொரு யெஹோஹானானை 1968இல் கண்டெடுத்தார்கள். எருசலேமின் வடகிழக்கில் கிவாத் ஹமிவ்தார் என்ற இடத்தில் வீடு கட்டத் தோண்டியபோது குடைவரைக் கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த சுண்ணாம்புக்கல் எலும்புப் பெட்டி ஒன்றில் இந்தப் பெயர் கீறப்பட்டிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதைக் குறுக்கே துளைத்து நின்றது சுமார் 11.5 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. சிலுவையில் அறையப்பட்டவர். ஆணியின் நுனி வளைந்துகொண்டதால், உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை; எலும்போடு சேர்த்தே புதைத்துவிட்டார்கள். ரோமச் சிலுவை மரணத்துக்கு உடல் சாட்சியாக முதலில் கிடைத்தது இந்த எலும்புதான். அவர் யார், என்ன குற்றம் சாட்டப்பட்டார் என்பதற்குப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது, 'யாவே அருள்புரிந்தார்'.

இவ்வளவு பரவலான பெயர் என்றால், லூக்கா முதல் அதிகாரத்தில் வரும் காட்சி ஏன் அப்படி நடக்கிறது? எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்கு உறவும் அக்கம்பக்கமும் கூடுகிறார்கள். தகப்பன் பெயரையே, சகரியா என்று வைக்கப் பார்க்கிறார்கள். தாய், 'அப்படியல்ல, யோவான்' என்கிறாள். உன் உறவின்முறையில் இந்தப் பெயருள்ளவன் ஒருவனும் இல்லையே என்று மறுக்கிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் எழுத்துப் பலகையை வாங்கி 'இவன் பேர் யோவான்' என்று எழுதுகிறார். சபைகளில் இதை 'அதுவரை யாருக்கும் இல்லாத பெயர்' என்று விளக்குவது உண்டு. சரியல்ல. நாட்டில் தெருவுக்கு ஒரு யோகனான் இருந்தார். அந்தக் குடும்பத்தில்தான் இல்லை. தாத்தா பெயர், அப்பா பெயர் என்று குடும்பத்துக்குள்ளேயே பெயர் சுற்றி வந்த காலத்தில் வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்ததுதான் அங்கே சலசலப்பு. பெயர் வைப்பதில் சித்தப்பா பெரியப்பாக்கள் தலையிடுவது இரண்டாயிரம் வருடப் பழக்கம் போலிருக்கிறது.

அந்த எழுத்துப் பலகை வாசகம் ஒரு தீவின் சின்னத்திலும் ஏறியது. கொலம்பஸ் புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்கு வைத்த பெயர் சான் ஹுவான் பௌதிஸ்தா, ஸ்நாபக அருளப்பர்தான். தீவின் சின்னத்தில் இன்றும் லத்தீனில் 'யோவான் என்பது அவன் பெயர்' என்று எழுதியிருக்கிறது. தலைநகரம் சான் ஹுவான்.

ஒலியாகப் போன வழி

லத்தீன்காரர்கள் எழுத்தில் ஒரு ஹகரத்தைத் திரும்பச் சேர்த்து இயோஹன்னேஸ் என்று எழுதினார்கள். அதிலிருந்து மேற்கு ஐரோப்பா முழுக்கக் கிளை பிரிந்தது. ஜெர்மனியில் யோஹன்னஸ், யோஹான். முன்பாதியை வெட்டிவிட்டால் ஹான்ஸ். இத்தாலியில் ஜொவான்னி, ஸ்பெயினில் ஹுவான், பிரான்சில் ழான், போலந்திலும் செக் நாட்டிலும் யான், டென்மார்க்கில் யென்ஸ், ஹங்கேரியில் யானோஷ். கிரேக்கத் திருச்சபை வழியாகக் கிழக்கே போனது ரஷ்யாவில் இவான் ஆயிற்று. ஆர்மேனியாவில் ஹொவ்ஹன்னஸ், எத்தியோப்பியாவில் யோஹன்னஸ். அயர்லாந்துக்கு இரண்டு தடவை போய்ச் சேர்ந்தது: லத்தீனிலிருந்து நேராக வந்தது ஓயின், நார்மன் பிரெஞ்சுக்காரர்களோடு வந்தது ஷான். வேல்ஸில் இவான், எவான்.

பெண்பால் வடிவங்களும் குறைவில்லை. லூக்காவில் வரும் யோவன்னாள் தொடங்கி ஜொஹான்னா, ஜோன், ஜேன், ஜானெட், ஹுவானா, இவானா வரை ஒரே வேர். அயர்லாந்தின் ஷிவானும் இதில் சேர்த்தி. நம் காதுக்குச் சிவன் வாடை அடித்தாலும் பிரெஞ்சு ழானிலிருந்து பிறந்த பெண் பெயர். ஜெனிபர் இந்தக் குடும்பம் இல்லை, அது வேல்ஸ் மொழிப் பெயர் ஒன்றின் கோர்ன்வால் வடிவம். ஜேக்கும் ஜாக்குலினும் யாக்கோபின் வழி.

ஆனால் ஜாக், ஜான் வீட்டுப் பிள்ளைதான். ஜானைச் செல்லமாக ஜான்கின் என்றார்கள், அது தேய்ந்து ஜாக். இங்கிலாந்தில் ஜாக் என்ற பெயர் அவ்வளவு மலிந்துபோய், கூலியாள், எடுபிடி என்றே பொருள் வந்துவிட்டது. பிறகு எடுபிடி வேலையைச் செய்யும் கருவிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பஞ்சர் கடையில் 'ஜாக்கி போட்டுத் தூக்குப்பா' என்கிறோமே, அந்த ஜாக்கி. குதிரைப் பந்தய ஜாக்கியும் வேறில்லை. ஜாக்கை ஸ்காட்லாந்தில் ஜொக் என்பார்கள், அதன் செல்ல வடிவம் இந்த ஜாக்கி. தலைமைக் குருவின் காசில் இருந்த பெயர் டயர் மாற்றும் இடம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அரபு வழி தனி. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் யூஹன்னா என்கிறார்கள். குர்ஆனில் யஹ்யா. 19ஆம் அத்தியாயத்தில் சக்கரியாவுக்குப் பிள்ளை வரம் அறிவிக்கப்படும்போது, இதற்கு முன் இப்பெயருடையவராக யாரையும் ஆக்கியதில்லை என்று 7ஆம் வசனம் சொல்கிறது. யஹ்யா என்ற சொல் அரபு காதில் 'வாழ்கிறார்' என்று ஒலிப்பதால் அப்படியே பொருள் சொல்லும் மரபு உண்டு. அதே அத்தியாயத்தில் சில வசனம் தள்ளி, நம்மிடமிருந்து அவருக்குக் கனிவைக் கொடுத்தோம் என்ற இடத்தில் 'ஹனான்' என்ற சொல் வருகிறது. எபிரேயப் பெயரின் பின்பாதியில் இருந்த அதே வேர், அதே ஆளைப் பற்றிய பேச்சில். குர்ஆனில் அந்தச் சொல் வருவது அந்த ஓர் இடத்தில் மட்டும்.

எவ்வளவு பரவியது

இந்தப் பெயரில் இரண்டு பெரிய புனிதர்கள் இருந்தது பரவலுக்கு முதல் காரணம். திருமுழுக்குக் கொடுத்தவருக்கு ஜூன் 24, நற்செய்தியாளருக்கு டிசம்பர் 27. ஜூன் 24 எப்படி வந்தது என்றால், மரியாளுக்குச் செய்தி வந்தபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்கிறார் லூக்கா; கிறிஸ்துமஸிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணினார்கள். அது வட நாடுகளில் வருடத்தின் மிக நீண்ட பகலை ஒட்டி விழுந்தது, பழைய கோடைத் திருவிழாக்களெல்லாம் அருளப்பர் பெயருக்கு மாறின. லாத்வியாவில் அந்த இரவின் பெயரே யாணி. யானிஸ் என்ற பெயருள்ள ஆண்களுக்குக் கருவாலி இலையில் வட்டமாகப் பின்னிய கனத்த மாலையைத் தலையில் சூட்டுவார்கள். சீமைச்சோம்பு போட்ட வட்டப் பாலாடைக்கட்டியும் பீரும் பரிமாறி, விடிய விடியத் தீ மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்டில் யானிஸ் இல்லாத தெரு இருக்காது.

ரோமாபுரியில் பதவியேற்றபோது சொந்தப் பெயரை மாற்றிக்கொண்ட முதல் போப்பாண்டவர் எடுத்ததும் இந்தப் பெயர்தான். அவருடைய இயற்பெயர் மெர்குரியுஸ், அது ரோமத் தெய்வத்தின் பெயர். திருச்சபைத் தலைவருக்கு அது பொருந்தாது என்று 533இல் இரண்டாம் ஜான் ஆனார். வரிசை எண் 23 வரை போயிற்று, ஆனால் உண்மையான எண்ணிக்கை 21. இடைக்கால எழுத்தர்களின் கணக்குப் பிசகால் 20ஆம் ஜான் என்று ஒருவரே கிடையாது. 16ஆம் ஜான் எதிர்ப்போப்பு, அதாவது முறையான போப்புக்குப் போட்டியாகப் பதவி கோரியவர். 23ஆம் எண்ணும் பதினைந்தாம் நூற்றாண்டில் ஓர் எதிர்ப்போப்பு எடுத்துக்கொண்டது. 1958இல் தெரிவான போப் அதே எண்ணைத் தானும் எடுத்து வழக்கைத் தீர்த்தார்.

இங்கிலாந்தில் 1066க்குப் பின் நார்மன்கள் வந்தபிறகுதான் ஜான் வேர்விட்டது. 14ஆம் நூற்றாண்டில் ஆண்களில் நாலில் ஒருவராவது ஜான். வெறும் பெயரைச் சொன்னால் ஆள் தெரியாத நிலையில் பட்டப்பெயர்கள் பெருகின. ஜான்சன், ஜோன்ஸ், ஜென்கின்ஸ், ஜாக்சன், எவான்ஸ் எல்லாம் அப்படிப் பிறந்த குடும்பப் பெயர்கள். வேல்ஸில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் ஜோன்ஸ்.

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் துறைப் பட்டியல் 1880இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் 9,655 ஜான்கள், ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர். 1923 வரை முதலிடம் விட்டுப் போகவில்லை. 1924இல் ராபர்ட் முந்தியது. 1980களின் கடைசியில் முதல் பத்திலிருந்தே வெளியேறியது. இங்கிலாந்திலோ முதல் நூறையும் தாண்டிக் கீழே போய்விட்டது.

அதை வைத்து 'யோவான் செத்துப்போன பெயர்' என்று எழுதுகிறவர்கள் கணக்கு எடுக்கும் முறையைக் கவனிப்பதில்லை. அரசுப் பட்டியல்கள் எழுத்துக்கூட்டலை எண்ணுகின்றன, வேரை அல்ல. இங்கிலாந்தில் ஜான் சரிந்த அதே 1990களின் நடுவிலிருந்து 2008 வரை தொடர்ந்து முதலிடம் ஜாக்குக்கு. எவான், ஷான், இயன் தனித்தனி வரிசையில். எல்லோரையும் ஒரு வீட்டில் கூட்டினால் கதை மாறும். மறுபக்கம், எல்லாவற்றையும் கூட்டிவிட்டு 'உலகின் முதல் பெயர்' என்று சொல்வதும் ஏமாற்று. ஜாக் என்று வைக்கும் பெற்றோர் யோவானை மனதில் வைத்து வைப்பதில்லை.

பொருளாக வந்த வழி

இனி அருளப்பர். தமிழகத்துக்கு வந்த சேசு சபைக் குருக்களில் சிலர் பெயரை உச்சரிப்பாகக் கொடுக்காமல் மொழிபெயர்த்தார்கள். பவுல் என்றால் லத்தீனில் சின்னவர், எனவே சின்னப்பர். யோசேப்பு என்றால் 'பெருகச் செய்வார்', எனவே வளன். தேம்பாவணியின் நாயகன் பெயர் அது. யோவானுக்கு அருளப்பர், தேம்பாவணிக்குள் கருணையன். எழுதிய வீரமாமுனிவரும் தன் பெயரில் அதையே செய்தவர்: கான்ஸ்டான்சோ என்றால் உறுதியுள்ளவர், முதலில் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் தைரியநாதர். போப் இரண்டாம் ஜான் பாலைத் தமிழ்க் கத்தோலிக்கர் இரண்டாம் அருள் சின்னப்பர் என்றார்கள். இரண்டு பாதியும் மொழிபெயர்ப்பு; எனக்குத் தெரிந்து இதைவிடக் கச்சிதமான பெயர்த்தல் வேறு இல்லை.

இந்த வழியில் மிக ஆழமாக வேர்விட்டவர் ஓரியூர் அருளானந்தர். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, மதுரை மிஷனில் துறவி உடையில் வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4இல் இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். ஜான் என்பதைத்தான் அருளானந்தர் என்று ஆக்கியிருக்கிறார்கள் என்பது அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் பலருக்கே தெரியாது.

ஆனால் அருள் என்று தொடங்கும் எல்லாப் பெயரையும் யோஹானானில் கொண்டுபோய்க் கட்டக் கூடாது. அருள் சைவத்தின் ஆணிவேர்ச் சொல்; அருணந்தி சிவாசாரியார் எந்த மிஷனுக்கும் முந்தியவர். குடும்பத்தில் ஞானஸ்நானப் பெயராக இருந்ததா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலையாளக் கரையிலோ மொழிபெயர்ப்பே நடக்கவில்லை. அங்கே சிரியாக் மொழி வழியாக வந்த யோஹன்னான், உலஹன்னான், லோனப்பன், நைனான் எல்லாம் ஒலி தேய்ந்த வடிவங்கள்.

பிள்ளைக்கு வைப்பதானால்

வீட்டில் ஏற்கெனவே ஓர் அருளப்பனோ அன்னம்மாளோ இருந்தால், அவர்கள் பெயரின் தொடர்ச்சியாக ஜோஹன், இவான், ஹன்னா எதை வேண்டுமானாலும் வைக்கலாம், வேர் ஒன்றே. முந்தின தலைமுறை பெயரை விட்டுவிட்டார்கள் என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் இதைச் சொல்லிக் காட்டலாம்.

ஆவணத்தில் மட்டும் இந்த உறவு செல்லாது. கோவில் ஏட்டில் அருளப்பன், பள்ளிச் சான்றிதழில் ஜான், ஆதாரில் ஜான் அருள் என்று மூன்று விதமாக இருந்தால், மூன்றும் ஒரே எபிரேயப் பெயர் என்ற விளக்கத்தை எந்த அலுவலகமும் கேட்காது. பிறப்புச் சான்றிதழில் எந்த வடிவம் ஏறுகிறதோ, அதே எழுத்துக்கூட்டலை ஞானஸ்நான ஏட்டிலும் பள்ளியிலும் பிடிவாதமாகப் பின்பற்றுங்கள். ஆங்கிலத்தில் எச் எழுத்து உண்டா இல்லையா என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். எச் விட்டால் பெயர் யோனத்தானாக வாசிக்கப்படும், பொருளும் மாறும்.

தமிழில் எழுதும்போது ஜான், இரண்டு சுழி. மூன்று சுழி போட்டால் விரலை விரித்து அளக்கும் ஜாண் ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகைகளில் ஜாண் பீட்டரும் ஜாண் செல்வராஜும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.